பத்தாவது ஆள்

துணியைக் கையில் தூக்கினால் போதும், போட்டிருந்த ஆள் அன்றைக்கு என்ன செய்தான் என்று லாண்டரிக்காரம்மா சொல்லிவிடுவாள். நாற்காலியில் உட்கார்ந்து பொழுதைப் போக்குகிறவனுக்கு முழங்கையில்தான் அழுக்கு. மூட்டை தூக்குகிறவனுக்குத் தோளில். அப்பா காலத்திலிருந்து அந்தக் கடையில் வளர்ந்தவள். வாளியில் முக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு துணியையும் ஒரு தரம் தூக்கிப் பார்ப்பது அவளுக்குக் கைவந்த பழக்கம்.

மழை விடாமல் பிடித்துக்கொண்ட வாரம் அது. வெளியே துணி காயப் போட வழியில்லை. மாடி அறை முழுக்கக் கயிறு கட்டி, மின்விசிறியைச் சுழலவிட்டு, போர்வைகளுக்கும் படுக்கை விரிப்புகளுக்கும் நடுவில் குனிந்து குனிந்துதான் அடுப்படிக்கே போகவேண்டியிருந்தது. கீழே கடையில் ஈர வாடையும் இஸ்திரி வாடையும் கலந்து கிடந்தன. அப்போதுதான் பெண்கள் கல்லூரியிலிருந்து கூடைப்பந்துச் சட்டை மூட்டை வந்தது. பிள்ளைகள் சட்டை ஒன்பது. பத்தாவதாக அவள் வீட்டுக்காரர் சட்டை.

ஒவ்வொன்றாகத் தூக்கினாள். பிள்ளைகள் சட்டை வியர்வையில் நனைந்துதான் இருந்தது. ஆனால் எல்லாவற்றிலும் கனத்தது பத்தாவது சட்டை. அதைப் பிடித்த கையில் தண்ணீர் வழிந்தது. இந்த வயதில் இப்படி உழைக்கிறாரே மனுஷன் என்று அவளுக்குப் பெருமையாக இருந்தது. பக்கத்தில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த பெண்ணிடம் அதைக் காட்டவும் செய்தாள்.

அவள் வீட்டுக்காரரை ஊர் முதுகுக்கண் என்று கூப்பிடும். நாட்டு அணிக்கு ஆடியவர். பந்தை வாங்குவார்; ஒரு பக்கம் பார்ப்பார்; பந்து வேறு பக்கம் போயிருக்கும். போன இடத்தில் ஆள் நிற்பான். முதுகில் ஒரு கண் இல்லாமல் இது நடக்காது என்று யாரோ சொல்லப்போய், அதுவே பெயராக ஒட்டிக்கொண்டது. முட்டி போன பிறகு ஆட்டத்தை விட்டார். ஆட்டத்துக்காகக் கொடுத்த அலுவலக வேலை ஒன்று இருந்தது. மேசை, நாற்காலி, தலைக்கு மேல் காற்றாடி. வேலை என்று யாரும் எதுவும் கொடுப்பதில்லை. வருகிறவர்கள் அவரோடு நின்று படம் எடுத்துக்கொண்டு போவார்கள். பெண்கள் கல்லூரி பயிற்சியாளராகக் கூப்பிட்டதும், மனுஷன் மூச்சு முட்டிக் கிடந்தவன் ஜன்னலைத் திறந்தமாதிரி அலுவலக வேலைக்கு ராஜினாமா எழுதிக் கொடுத்துவிட்டு ஓடினார்.

ஓடியவர் அணி வருஷம் முழுக்கத் தோற்றது. ஒரு ஆட்டம் தப்பாமல் தோற்றது. போன வாரம் கல்லூரி முதல்வர் அம்மா அவரைக் கூப்பிட்டு உட்காரவைத்து, தேநீர் கொடுத்து, மரியாதையாகவே சொல்லிவிட்டார். வருகிற போட்டியில் முதல் ஆட்டத்திலேயே வெளியே வந்துவிட்டால் அடுத்த வருஷத்துக்கு வேறு ஆள் பார்க்கவேண்டியிருக்கும். பழைய நாற்காலியில் இதற்குள் வேறு யாரோ உட்கார்ந்தாயிற்று. திரும்பிப் போகவும் இடமில்லை.

குடையை மடக்கி உதறிக்கொண்டே அவள் அண்ணன் கடைக்குள் வந்தான். அவன் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவன். கூரையில் பயிற்சிப் பலகை வைத்த பழைய கார் ஒன்று. அதில் அவன் உட்காரும் பக்கத்திலும் ஒரு பிரேக் இருக்கும். மழை நாளில் கற்றுக்கொள்ள ஆள் வராது. அதனால் தங்கை வீட்டில் தேநீர் குடித்து உலகத்தைத் திருத்துவான். சிறிது நேரத்தில் முதுகுக்கண்ணும் நனைந்த செருப்போடு வந்து சேர்ந்தார். அவள் மூவருக்கும் ரொட்டி வாட்டி, முட்டை பொரித்து, வெங்காயம் நறுக்கி வைத்தாள்.

"மாப்பிள்ளை, நான் அப்பவே சொன்னேன்" என்று அண்ணன் ஆரம்பித்தான்.

"ஆரம்பிச்சுட்டீங்களா மச்சான்."

"ஆடத் தெரிஞ்சவனுக்குச் சொல்லிக் குடுக்க வராது. என்னையே எடுத்துக்க. கார் ஓட்டுறதுல நான் சுமார்தான். ரிவர்ஸ் எடுத்தா இன்னிக்கும் எங்கியாவது உரசிடுவேன். அதனால எங்கெங்க உரசும்னு எனக்கு அத்துப்படி. பக்கத்துல உக்காந்துக்கிட்டே சொல்லிடுவேன்."

"நான் எங்கயும் உரசினதே இல்லையே மச்சான்."

"அதைத்தான்யா நானும் சொல்றேன்!"

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வீட்டுக்காரர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"சரி, நீ எப்படித்தான் சொல்லிக் குடுக்கறே? எனக்கு ஒரு தரம் சொல்லேன், கேப்போம்" என்றான் அண்ணன்.

"என்ன சொல்றது. பிள்ளைங்க கேக்கும், சார், பாஸ் எப்ப குடுக்கணும்னு. தோணுறப்ப குடும்மான்னு சொல்லுவேன்."

"எப்ப தோணும்?"

"தோணும் மச்சான். தோணாமயா இருக்கும்?"

அண்ணனுக்குத் தேநீர் புரையேறியது. தலையைத் தட்டிக்கொண்டே, "தோணாது மாப்பிள்ளை, எங்களை மாதிரி ஜனங்களுக்கெல்லாம் அதெல்லாம் தோணவே தோணாது" என்றான். "பிரேக்கை எப்ப மிதிக்கணும்னு கேட்டா, தோணுறப்ப மிதின்னு நான் சொன்னா என் நிலைமை என்ன ஆகும்?"

"அதனாலதான் வாயால சொல்றதையே விட்டுட்டேன்" என்றார் முதுகுக்கண். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. "ஒன்பது பேர்தானே இருக்காங்க. அஞ்சுக்கு அஞ்சு ஆட ஒரு ஆள் குறையுது. நானே பத்தாவதா இறங்கிடறேன். கூட ஆடினா தானா ஒட்டிக்கும். இப்ப எப்படி ஓடறாங்க தெரியுமா? வந்து பாருங்க."

அவள் மறுநாள் போய்ப் பார்த்தாள். துவைத்த சட்டைகளைக் கொடுக்கிற சாக்கு. கல்லூரி உள்ளரங்கில் தகரக் கூரையில் மழை அடித்துக்கொண்டிருந்தது; மூலையில் ஒழுகிய இடத்தில் வாளி வைத்திருந்தார்கள். அவர் களத்தில் இருந்தார். ஒரு முட்டியில் உறை. தலையில் நரை. பந்து கையில் வந்ததும் நரையெல்லாம் எங்கே போனதோ.

அவளுக்குப் பழையது ஞாபகம் வந்தது. கல்யாணத்துக்கு முன்னால், அப்பா கொடுத்தனுப்பிய சட்டை மூட்டையோடு களத்தோரம் நின்றிருந்தாள். எதிர் ஆட்டக்காரர்கள் இருவர் சூழ்ந்து நிற்க, பந்தோடு வந்த அந்த உயரமான ஆள் அவளை நேராகப் பார்த்தார். கண்ணோடு கண். அவளுக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று. அதே நேரம் பந்து அவர் முதுகுக்குப் பின்னால் போய், தூரத்தில் தனியாக நின்ற ஒருவன் கையில் உட்கார்ந்தது. என்ன நடந்தது என்றே அவளுக்குப் புரியவில்லை. அரங்கம் எழுந்து நின்று கத்தியது. அவள் மட்டும் மூட்டையை அணைத்துக்கொண்டு வாயடைத்து நின்றாள். கல்யாணமான பிறகு கேட்டதற்கு, "அந்தப் பக்கம் பார்க்கவேண்டியது இல்ல, அதான் உன்னைப் பார்த்தேன்" என்றார். கேலியா நிஜமா என்று இன்று வரை அவளுக்குத் தெரியாது. ஒன்று மட்டும் தெரியும். ஒரு மனுஷப் பிறவிக்கு இப்படியெல்லாம் செய்ய முடியுமா என்று அன்றைக்கு வந்த மலைப்பு இத்தனை வருஷம் ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணியும் குறையவில்லை. பல் தேய்க்கிற மனுஷனை, குறட்டை விடுகிற மனுஷனைப் பார்த்த பிறகும் குறையவில்லை.

இப்போதும் அப்படித்தான் நின்றாள். அவர் பந்தை விட்டதுமே எங்கிருந்தோ ஒரு பெண் ஓடிவந்து அதை எடுத்தாள். உயரமாகவும் அகலமாகவும் இருந்த ஒரு பெண்ணைத் தோழிகள் பீரோ என்று கூப்பிட்டார்கள். குட்டையாகத் துறுதுறுவென்று ஓடுகிறவள் பெயர் கொசு. பீரோ கையை நீட்டினால் பந்து கையில் இருந்தது. கொசு மூலைக்கு ஓடினால் அவளுக்கு முன்னால் பந்து போய்க் காத்திருந்தது. எல்லாம் அவர் கையிலிருந்து வந்தது. பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள். அவளும் தட்டினாள். மழைச் சத்தத்தைவிட அது பெரிதாகக் கேட்டது.

இப்படி ஆடுகிறவர்கள் எப்படித் தோற்கிறார்கள்? அவளுக்கு விளங்கவே இல்லை.

அந்த வாரமே வேறு கல்லூரியோடு வெளி ஆட்டம் ஒன்று இருந்தது. தோற்பதைப் பார்க்க மனம் வராமல் அதுவரை அவள் வெளி ஆட்டங்களுக்குப் போனதில்லை. அன்றைக்கு அண்ணன் காரில் போனாள். கூரையில் பலகை இருந்ததால் வழியெல்லாம் மற்ற வண்டிகள் பயந்து ஒதுங்கின.

ஆட்டம் தொடங்கியது. பிள்ளைகள் நன்றாகத்தான் ஓடினார்கள். காலியாக இருக்கிற இடம் பார்த்து, எதிராளியை ஏமாற்றி, அழகாக ஓடினார்கள். ஓடிப் போய் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்கள். பந்து வரவில்லை. பந்து யாரிடம் இருந்ததோ அவள், சுடுபாத்திரத்தைத் தொட்டவள் மாதிரி பக்கத்தில் இருந்தவளிடம் அதைத் தள்ளிவிட்டு, தானும் ஒரு காலியிடத்துக்கு ஓடிக் கையை விரித்தாள். வாங்கியவளும் அப்படியே. எல்லோரும் வாங்கத் தயாராக நின்றார்கள். கொடுக்கத்தான் ஆளில்லை.

அப்போதுதான் அவள் இன்னொன்றைக் கவனித்தாள். கையை விரித்து நின்ற பிள்ளைகள் பந்தைப் பார்க்கவில்லை. களத்துக்கு வெளியே பெஞ்சைப் பார்த்தார்கள். அங்கே அவள் வீட்டுக்காரர் உட்காரவும் முடியாமல் நிற்கவும் முடியாமல், "அங்க பாரு! அங்க காலி! குடு!" என்று கத்திக்கொண்டிருந்தார். அவர் கைகள் இல்லாத பந்தை வீசிக்கொண்டிருந்தன.

ஆட்டம் முடிந்து கூட்டம் கலைகையில் ஒருவர் அவளிடம் வந்து கும்பிட்டார். வழுக்கைத் தலை, சிரித்த முகம். முதுகுக்கண்ணோடு ஒரே அணியில் இருந்தவர். இருந்தார் என்றால் உட்கார்ந்திருந்தார். ஆடும் ஐவரில் யாருக்காவது அடிபட்டால்தான் இறக்குவார்கள், யாருக்கும் அடிபட்டதில்லை. பெஞ்சு என்றே பெயர். இன்றைக்கு அவர்தான் பெரிய பயிற்சியாளர். அவருடைய கல்லூரி அணியோடுதான் போட்டியின் முதல் ஆட்டம். உளவு பார்க்க வந்திருந்தார்.

"அண்ணி, காலியிடம் பார்த்து இவ்வளவு அழகா ஓடற டீமை நான் பார்த்ததே இல்ல" என்றார்.

"அப்புறம் ஏன் தம்பி தோக்கறாங்க?"

பெஞ்சு வாயைத் திறந்தார். பிறகு மூடிக்கொண்டார். "அதை நான் சொல்லக் கூடாது அண்ணி. அடுத்து என் பிள்ளைங்கதான் இவங்களோட மோதணும்."

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும். பெஞ்சுல உக்காந்தவனுக்கு வேற என்ன வேலை, பார்க்கறதுதானே? எல்லாரையும் பார்த்துக் கத்துக்கிட்டேன். உங்க வீட்டுக்காரரை மட்டும் பார்த்துப் பார்த்து ஒண்ணுமே கத்துக்க முடியல. பந்து எந்தப் பக்கம் போகப்போகுதுன்னு ஒரு தரம்கூட எனக்குப் பிடிபடல அண்ணி. கோயில்ல நிக்கிற மாதிரி நின்னு பார்க்கலாம், அவ்வளவுதான்."

அதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. தோற்ற அணியின் பயிற்சியாளரைப் பார்த்து ஜெயிக்கிற பயிற்சியாளர் இப்படிக் கலங்கியதில் அவளுக்கும் என்னவோ செய்தது.

வீட்டுக்கு வந்ததும் முதுகுக்கண் சாப்பிட உட்காரவில்லை. அவள் சோறு போட்டுவைத்தாள், ஆறிக்கொண்டிருந்தது. தொங்குகிற போர்வைகளுக்கு நடுவில் அவர் இப்படியும் அப்படியுமாக நடந்தார்.

"நாலு பேரும் காலியா நின்னாங்க. நீ பார்த்தேல்ல? நாலு பேர்! அப்படி ஒரு டீம் எப்படித் தோக்கும்? என் கையில மட்டும் பந்து இருந்திருந்தா..."

"உங்க கையில இல்லையே."

"என்ன?"

அவள் மடித்துக்கொண்டிருந்த துண்டைக் கீழே வைத்தாள். சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்கினாள். சொல்லாவிட்டால் இன்னும் ஒரு ஆட்டம்தான் பாக்கி.

"எல்லாரும் சாப்பிட உக்காந்துட்டா யாருங்க பரிமாறுறது?" என்றாள். "தினம் நீங்கதானே பரிமாறுறீங்க. அவங்களுக்கு வாங்கிக்கத்தான் தெரியும். ஆட்டத்துல கையை விரிச்சுட்டு உங்களைத்தான் பார்க்குதுங்க. நான் பார்த்தேன். பந்தைப் பார்க்கல, உங்களைப் பார்க்குதுங்க."

"நான் இறங்கலைன்னா ஒரு ஆள் குறையுமே."

"குறையட்டும்."

"உனக்கு ஆட்டத்தைப் பத்தி என்ன தெரியும்?"

"ஒண்ணும் தெரியாது. துணியைப் பத்தித் தெரியும்." அவளுக்கும் குரல் ஏறிவிட்டது. "பத்து சட்டை வருது. உங்க சட்டைதான் எல்லாத்தையும்விடக் கனமா இருக்கு. வாத்தியார் சட்டை பிள்ளைங்க சட்டையைவிட நனைஞ்சா, அங்க யாருங்க பாடம் படிக்கிறது? நானும் லூசு மாதிரி அதைப் பார்த்துப் பெருமைப்பட்டுட்டு இருந்தேன்."

அவர் நடப்பதை நிறுத்தினார். ஒரு படுக்கை விரிப்புக்குப் பின்னால் நின்றதால் அவருடைய கால் மட்டும் தெரிந்தது.

"அது ஒண்ணுதான் இருக்கு எனக்கு" என்று அங்கிருந்து குரல் வந்தது. "ஆபீஸ்ல உக்காந்திருந்தப்ப செத்துப்போயிட்டேன்னு நினைச்சேன். பொண்ணுங்களோட இறங்கினப்புறம்தான் உயிர் வந்துச்சு. அந்த ஒரு மணி நேரம். அதையும் விடுன்னு சொல்றியா?"

விடு என்று சொல்ல அவளுக்கும் மனமில்லை. அவர் ஆடுவதை இனிமேல் பார்க்கவே முடியாது என்றால் அவளுக்கு மட்டும் என்ன மிச்சம்? வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாமே என்று தன்னையே திட்டிக்கொண்டாள். அவர் வெளியே வந்து உட்கார்ந்து, ஆறிப்போன சோற்றை ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார். மறுநாளும் பேசவில்லை.

அதற்கு அடுத்த நாள் சட்டை மூட்டை வந்தது. அவள் ஒவ்வொன்றாகத் தூக்கினாள். பீரோவின் சட்டை கையை இழுத்தது. கொசுவின் சட்டையில் வியர்வையோடு தரையின் அழுக்கும் அப்பியிருந்தது. நாலைந்து தரமாவது விழுந்திருப்பாள். பத்தாவது சட்டை காய்ந்திருந்தது. மடிப்புக்கூடக் கலையவில்லை. அவள் போட்டுக்கொடுத்த இஸ்திரி அப்படியே இருந்தது.

துவைக்கத் தேவையில்லாத அந்தச் சட்டையை வைத்துக்கொண்டு அவள் அழுதாள். இஸ்திரி போடுகிற பெண் என்னக்கா என்று கேட்டதற்கு, நீராவி கண்ணில் பட்டுவிட்டது என்றாள்.

அவர் என்ன செய்கிறார் என்று அண்ணன்தான் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னான்.

"அஞ்சுக்கு நாலு ஆட விடறான். நாலு பேர் இருக்கிற பக்கம் கிடந்து அல்லாடுதுங்க. பாஸ் போகவேண்டிய இடத்துக்குப் போகுதுங்கற? சுவத்துல போய் அடிக்குது. ஒழுகற இடத்து வாளியில போய் விழுது. பிள்ளைங்களுக்கு அவன் மேல கோபம். இறங்குங்க சார், இறங்குங்க சார்னு கெஞ்சுதுங்க."

"அவரு?"

"நாற்காலியில உக்காந்திருக்கான். ரெண்டு கையையும் தொடைக்கு அடியில வெச்சுக்கிட்டு. முகத்தைப் பார்க்கணுமே! பல்லு பிடுங்கறப்பகூட எவனும் அப்படி உக்காந்திருக்க மாட்டான்." அண்ணன் தேநீரை உறிஞ்சினான். கேலியை எதிர்பார்த்து அவள் நிமிர்ந்தபோது அவன் முகம் வேறு மாதிரி இருந்தது. "என் பக்கத்துலயும் ஒரு பிரேக் இருக்கு. அதை மிதிக்காம இருக்கறதுக்கு எனக்கு எத்தனை வருஷம் ஆச்சு தெரியுமா? இத்தனைக்கும் நான் ஒண்ணும் பெரிய டிரைவர் இல்ல. அவன் அவ்வளவு பெரிய ஆட்டக்காரன், கையைக் கட்டிப்போட்டுட்டு உக்காந்திருக்கான் தங்கச்சி. எனக்கு என்னமோ கும்பிடணும் போல இருந்துச்சு."

போட்டி நாளன்று மழை விட்டிருந்தது. மைதானத்துச் சேறெல்லாம் அரங்கத்து வாசல்வரை வந்திருந்தது. முதல்வர் அம்மா முன் வரிசையில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிர்ப் பக்கத்தில் பெஞ்சு சட்டைக் கையை மடித்துவிட்டபடி நின்றார். அவர் பிள்ளைகள் ஒழுங்காக வரிசையில் நின்று கை தட்டி உள்ளே வந்தார்கள். பார்த்தாலே தெரிந்தது, சொல்லிக்கொடுக்கப்பட்ட பிள்ளைகள்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தடுமாறித்தான் ஆட ஆரம்பித்தார்கள். ஆனால் இந்தத் தரம் யாரும் வெளியே உட்கார்ந்திருந்த சாரைப் பார்க்கவில்லை. பார்த்துப் பயனில்லை என்று தெரிந்துபோயிருந்தது. பந்தை வாங்கியவள் வைத்துக்கொண்டு தேடினாள். கொடுத்தாள், தப்பாகக் கொடுத்தாள், மறுபடியும் கொடுத்தாள். அண்ணன் உட்கார்ந்த இடத்தில் வலது காலால் தரையை மிதித்துக்கொண்டே இருந்தான். அவள் களத்தை ஒரு கண்ணாலும் வீட்டுக்காரரை ஒரு கண்ணாலும் பார்த்தாள். அவர் தொடைக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிள்ளைகள் பின்தங்கினார்கள், எட்டிப் பிடித்தார்கள், மறுபடி பின்தங்கினார்கள். கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு புள்ளி குறைவாக இருந்தது.

பந்து கூடைக்கு அடியில் பீரோவிடம் வந்தது. அடுத்த கணமே பெஞ்சின் பிள்ளைகள் இருவர் அவள் முதுகிலும் தோளிலும் சாய்ந்து அமுக்கினார்கள். கையைத் தூக்க முடியவில்லை. திரும்ப முடியவில்லை. குனிந்து, பந்தை வயிற்றோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இடது மூலை காலியாக இருந்தது. அதை முதுகுக்கண் பார்த்துவிட்டார் என்பது அவர் தோள் அசைந்ததில் தெரிந்தது. உதடு பிரிந்தது. கத்தப் போகிறார் என்று லாண்டரிக்காரம்மா நினைத்தாள். கத்தவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டார்.

பீரோ இடது மூலைக்குக் கொடுக்கவில்லை. குனிந்த தலை நிமிரவே இல்லை. பந்தைத் தன் இரண்டு காலுக்கும் நடுவே பின்பக்கமாகத் தரையில் ஒரு தட்டு தட்டினாள். அங்கே யாருமில்லை. பந்து எழும்பியபோது கொசு இருந்தாள். எங்கிருந்து வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. வந்த வேகத்திலேயே எடுத்துக் கூடைப் பலகையில் அடித்து உள்ளே போட்டாள்.

விசில், கூச்சல், அண்ணனின் சீழ்க்கை, முதல்வர் அம்மாவின் கைப்பை கீழே விழுந்து உருண்டது, எல்லாம் ஒன்றாக நடந்தது. முதுகுக்கண் அசையாமல் உட்கார்ந்திருந்தார். பந்து கூடைக்குள் விழுந்ததை அவர் பார்க்கவே இல்லை. அது புறப்பட்ட இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வாய் திறந்திருந்தது. அவள் தடுப்பைத் தாண்டி ஓடிப்போய்த் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னங்க, ஜெயிச்சுட்டோம்!"

"ஆமாவா?" என்றார். "நீ அதைப் பார்த்தியா? அங்க ஒண்ணுமே இல்லடி. சத்தியமா அங்க ஒண்ணுமே இல்ல. எனக்குத் தெரியல அது."

அந்தக் குரலை அவள் இதுவரை கேட்டதில்லை. சட்டை மூட்டையோடு நின்ற அந்த நாளில் தானே பேசியிருந்தால் அந்தக் குரலில்தான் பேசியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது.

பெஞ்சு வந்து அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "தோத்ததுகூடப் பரவாயில்லடா, அந்த பாஸை எப்படிச் சொல்லிக் குடுத்தே? அதை மட்டும் சொல்லு."

"நான் சொல்லிக் குடுக்கலடா."

"சும்மா சொல்லாதே."

"சத்தியமா. இரு, நானே இனிமேதான் கேக்கணும்."

முதல்வர் அம்மா வாழ்த்துச் சொல்ல வந்தவர், முதுகுக்கண் வந்த வேகத்தைப் பார்த்து வழி விட்டார். அவர் நேராகப் பீரோவிடம் போனார். அவள் தரையில் உட்கார்ந்து தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டிருந்தாள். சாரைப் பார்த்ததும் பதறி எழுந்தாள்.

"எப்படிம்மா பார்த்தே அதை?"

"தப்பா சார்? மூலையில காலியா இருந்துச்சா? நான் பார்க்கல சார்..."

"தப்பு இல்லம்மா. எப்படித் தெரிஞ்சுச்சுன்னு சொல்லு."

பீரோ ஈரக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டாள். "என் மேல எப்பவும் ரெண்டு பேர் விழுந்துக்கிட்டு இருப்பாங்க சார். தலையைத் தூக்கவே முடியாது. அதனால நான் காலுங்களைத்தான் சார் பார்ப்பேன். யாரோட கால் எந்தப் பக்கம் கிளம்புதுன்னு தெரியும். கொசு குதிகாலைத் தூக்கினா ஓடப்போறா. தூக்கினா சார். தட்டிட்டேன்."

அவர் கேட்டுக்கொண்டே நின்றார். இத்தனை வருஷம் ஆடியும் அவர் தலை குனிந்து ஆடியதில்லை. குனியவைக்க ஆளில்லை. அங்கே கீழே ஒரு முழு ஆட்டம் நடந்துகொண்டிருந்தது அவருக்குத் தெரியவே தெரியாது.

"எனக்குச் சொல்லிக் குடு" என்றார்.

பிள்ளைகள் சிரித்தார்கள். பிறகு அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை என்று தெரிந்து சிரிப்பை நிறுத்தினார்கள். கூட்டம் கலைந்துகொண்டிருந்த களத்தில், கூடைக்கு அடியில் போய் நின்றார். இரண்டு பேரைக் கூப்பிட்டு முதுகில் சாயச் சொன்னார். அவர்கள் பயந்து பயந்து லேசாகச் சாய்ந்தார்கள். "நல்லா அமுக்குங்கம்மா, அவளை அமுக்கின மாதிரி" என்றார். அமுக்கினார்கள். பந்தைக் காலுக்கு நடுவே தட்டினார். அது அவர் குதிகாலிலேயே அடித்து எங்கோ உருண்டது. கொசு ஓடிப்போய் எடுத்துவந்தாள். மறுபடி தட்டினார். மறுபடி குதிகால்.

பெஞ்சு பார்த்துக்கொண்டு நின்றார். அண்ணன் சீழ்க்கையை மறந்துவிட்டு நின்றான். லாண்டரிக்காரம்மா தடுப்போரம் நின்றாள்.

"அப்படியில்ல சார்" என்றாள் பீரோ.

அந்த வார்த்தையை அவரிடம் இதுவரை யாரும் சொன்னதில்லை. சொன்ன பிறகு பீரோவே பயந்துபோய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"சொல்லும்மா."

"இன்னும் குனியணும் சார்."

முட்டி கடக்கென்றது. அவர் இன்னும் குனிந்தார்.